கத்தி நுழையாத வீடு

கோவர்த்தனன் வீட்டில் போன ஆடியிலிருந்து வெங்காயத்தை நசுக்கித்தான் போட்டார்கள். ரத்தினம்மா அம்மியில் வைத்துக் குழவியால் ஒரு தட்டு தட்டுவாள். தோல் தானாகப் பிரியும். மீதியை அப்படியே அள்ளி எண்ணெயில் போடுவாள். முருங்கைக்காயை உடைத்துக்கொள்ளலாம். கீரையைக் கிள்ளிக்கொள்ளலாம். கத்தரிக்காய் பிஞ்சாக இருந்தால் காம்பைத் திருகிவிட்டு முழுசாகவே புளியில் வேகும். பூசணி, சேனை, வாழைக்காய் எல்லாம் அந்த வீட்டுப் பக்கமே வரவில்லை. கறி எடுத்தால் கடையிலேயே சிறுசாக வெட்டி வாங்கி வருவார்கள். அருவாமணை மாட்டுக்கொட்டகைக் கூரைச் சொருகில் சாக்குத் துணி சுற்றிக் கிடந்தது.

எல்லாம் மகள் யாமினிக்காக.

ஆந்திர எல்லையில் விஜயபுரத்துக்கு மேற்கே, மலைக்கரட்டை ஒட்டிய சின்ன ஊர் அது. நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையுந்தான் பயிர். படித்த பெண்பிள்ளைகள் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறி வரதய்யபாளையம் பக்கம் செல்போன் பூட்டுகிற வேலைக்குப் போவார்கள். யாமினியும் போனாள். அங்கே கூட வேலை பார்த்த ஒருவன் கட்டிக்கொள்கிறேன் என்று கேட்டான். அவள் வேண்டாம் என்றாள். அவன் ஒரு காலை பஸ் நிற்கிற இடத்துக்குக் கத்தியோடு வந்தான். முதல் வீச்சு காதுக்குக் கீழே தாடை வரைக்கும் இறங்கியது. இரண்டாவதைத் தடுக்கத் தூக்கிய கையில் முழங்கை வரை கிழிந்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் நின்றபடியே பார்த்தார்கள். அவனாகக் களைத்துக் கத்தியைப் போட்டுவிட்டு நடந்து போனான்.

பிடித்தார்கள். பெயிலில் வெளியே வந்தும்விட்டான். சத்தியவேடு பக்கம் அக்கா வீட்டில் இருக்கிறான் என்று சொன்னார்கள்.

யாமினியின் காயம் ஆறியது. ஆனால் எங்காவது தகடு பளிச்சென்றால், கத்தியை மடக்குகிற அந்தச் ‘சடக்’ சத்தம் கேட்டால், அவளுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். வாய் திறக்கும், சத்தம் வராது. அரை நாள்கூட அப்படியே இருப்பாள். நாளாக நாளாகச் சரியாகும் என்று திருப்பதி டாக்டர் சொல்லியிருந்தார்.

அவளுடைய அண்ணன் தமிழ்ச்செல்வன் லோடு ஆட்டோ ஓட்டினான். தினமும் தங்கையை பஸ் ஏற்றிவிடுகிறவன் அவன்தான். வெட்டு விழுந்த அன்று நகரிக்கு நெல் மூட்டை ஏற்றிப் போய்விட்டான். அப்புறம் ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் சத்தியவேடு போனான். அந்தத் தெருவில் வெட்டியவனுடைய ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்களாம். தமிழ்ச்செல்வன் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டான். வந்ததிலிருந்து வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

மோட்டார் மெக்கானிக் கேசவன் ஏரிக்கு அந்தப்பக்கம் காலனியில் இருந்தான். சுற்றுவட்டத்துப் போர்வெல் எல்லாம் அவன் கைதான். ஒரு பழைய டிவிஎஸ், அதில் ஒரு ரெக்ஸின் பை, சட்டை ஜோபியில் ஒரு மடக்குக்கத்தி. வயர் சீவ, டேப் அறுக்க, ஓஸ் பைப் வெட்ட, வழியில் வெள்ளரிக்காய் கிடைத்தால் அதைக் கீற, எல்லாவற்றுக்கும் அதுதான். அந்தக் கத்தியை ஊரில் பார்க்காதவர்கள் கிடையாது.

பங்குனியில் ஒரு தரம் மோட்டார் நின்றபோது வந்தவன், வாசலிலேயே வண்டியை நிறுத்திக் கூப்பிட்டான்.

“அக்கா, பாப்பா ஊட்ல கீதா?”

“கீது. ஏன் கேக்கற?” என்றாள் ரத்தினம்மா.

“ஜோபில கத்தி கீது. வயரு சீவறது. வண்டிலயே வெச்சிட்டு உள்ள வரேன். ஸ்டாட்டர் டப்பாவ ஊட்ல வெச்சிகீறேன்னு அண்ணன் சொன்னாரு.”

“ஆமாப்பா. வெளியவே வெச்சிட்டு வா. உனுக்குப் புண்ணியமா போவும்.”

உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த யாமினி முறத்தோடு வெளியே வந்தாள்.

“அண்ணா, அது மூடித்தான கீது?”

“மூடித்தான் கீதும்மா. பயந்துக்காத. நான் எட்த்துடறேன்.”

“காட்டுங்க.”

கேசவன் ரத்தினம்மாவைப் பார்த்தான். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

“காட்டுங்கண்ணா. எத்தினி நாளைக்கி இப்படியே கெடப்பேன்?”

அவன் இரண்டு விரலால் கத்தியை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினான். அவரைக்காய் நீளம். மரப்பிடி தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. யாமினி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். நெற்றியில் வேர்த்துவிட்டது. ஆனாலும் பார்த்தாள்.

“போதும்.”

அவன் ஜோபியில் போட்டுக்கொண்டான்.

“எப்ப வந்தாலும் இதேமாரி மூடியே காட்டுங்க. பழகிக்கறேன்” என்றாள்.

“சரிம்மா. உனுக்கா எப்ப வேணும்னு தோணுதோ அப்ப காட்டறேன். நானா எடுக்கமாட்டேன்.”

அதன்பிறகு அந்தப் பக்கம் வேலைக்கு வந்தபோதெல்லாம் காட்டினான். ஒரு தரம் அவள் விரலால் பிடியைத் தொட்டுப் பார்த்தாள். அன்றைக்கு ரத்தினம்மா கேசவனுக்குச் சோறு போட்டாள். அவன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கருவாட்டுக் குழம்போடு தின்பதை யாமினி வாசற்படியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். “அண்ணா, குழம்புல வெங்காயம் முழுசு முழுசா கெடக்கும். சிரிக்காதீங்க” என்றாள். வெட்டு விழுந்தபிறகு அவள் வேடிக்கையாகப் பேசி ரத்தினம்மா கேட்டது அதுதான் முதல்.

வைகாசி அனல் அந்த வருஷம் பொல்லாததாக இருந்தது. காலை பத்து மணிக்கே கானல் ஓடியது. மல்லாட்டை விழுது இறங்கிக் காய் பிடிக்கிற சமயம். அப்போது தண்ணீர் இல்லாவிட்டால் காய் உள்ளே பருப்பில்லாமல் பொக்காகிவிடும். மறுபடியும் மோட்டார் நின்றது. கேசவனும் கோவர்த்தனனும் காலையிலிருந்து முக்காலி நட்டு, செயின் போட்டு, பைப்பை ஒவ்வொன்றாக மேலே இழுத்தார்கள். சேறும் துருவுமாக வந்த பைப்புகளை வரப்பில் வரிசையாகப் போட்டார்கள். மோட்டார் மேலே வந்ததும் கேசவன் முகர்ந்து பார்த்தான்.

“மோட்டாரு காயிலு எரியலண்ணா. கேபிளு ஜாயின்ட்ல தண்ணி எறங்கிடிச்சி. அத்தோட போச்சி. மத்தியானத்துக்குள்ள ஓட்டிடலாம்.”

கோவர்த்தனன் தலைத்துண்டை அவிழ்த்து உதறினார். “அப்ப நான் போயி கீழ மடைய சரி பண்ணிடறேன். தண்ணி வந்தா வீணா போவக்கூடாது.”

அவர் இறங்கிப் போனார். கேசவன் மோட்டார் ரூமுக்குப் பின்னால் நிழலில் உட்கார்ந்து கேபிளைச் சீவ ஆரம்பித்தான். யாரும் இல்லையென்று கத்தியை முழுக்க விரித்திருந்தான்.

யாமினிதான் அன்றைக்குக் கூழ் கொண்டுவந்தாள். வழக்கமாக ரத்தினம்மா கொண்டுபோவாள். அன்று மாடு கன்று போடுகிற மாதிரி இருந்ததால் அவளால் நகர முடியவில்லை. “நான் போறேம்மா. கேசவண்ணா தான கீறாரு” என்று யாமினியே தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வரப்பில் நடந்து வந்து மோட்டார் ரூமின் மூலையைத் திரும்பினாள்.

ஒரு முழத் தூரத்தில் வெயிலில் தகடு பளிச்சென்றது.

தூக்கு விழுந்து கூழ் கொட்டியது. அவள் திரும்பி ஓடினாள். வாய் திறந்திருந்தது, சத்தம் இல்லை. வரப்பில் போட்டிருந்த பைப் தடுக்கி முகங்குப்புற விழுந்தாள். பைப் முனை குத்தி முழங்காலில் ரத்தம் கொப்பளித்தது. எழுந்து இன்னும் ஓடினாள்.

“பாப்பா! பாப்பா, நாந்தான்!” கேசவன் எழுந்து பின்னாலேயே ஓடினான். கையில் கத்தி இருப்பது அவனுக்கு நினைவில்லை.

ரோட்டில் லோடு ஆட்டோ வந்துகொண்டிருந்தது. ஓட்டியவன் தமிழ்ச்செல்வன். பக்கத்தில் பெரியப்பா மகன் தனசேகர். அவர்கள் பார்த்தது இதுதான்: ரத்தம் ஒழுக யாமினி ஓடுகிறாள். பின்னால் காலனிக்காரன் ஒருவன் கத்தியோடு ஓடிவருகிறான்.

ஆட்டோ நிற்பதற்குள் தமிழ்ச்செல்வன் குதித்தான். வண்டியில் கிடந்த மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டான். அவனைப் பார்த்ததும் கேசவன் கத்தியைக் கீழே போட்டான். “பாப்பா உழுந்துட்ச்சிபா, தூக்கலாம்னு...” என்று சொல்லி முடிக்கவில்லை. மண்வெட்டிக் காம்பு தோளில் இறங்கியது. தனசேகர் வரப்பில் கிடந்த இரும்பு பைப் துண்டை எடுத்தான்.

யாமினி கொஞ்ச தூரத்தில் உட்கார்ந்துவிட்டாள். கண் தெரிந்தது. காது கேட்டது. தொண்டையை இரண்டு கையாலும் பிடித்துப் பிசைந்தாள். ‘வேணாம்’ என்ற ஒரு சொல் மேலே வரவே இல்லை. மண்ணை அள்ளி அண்ணன் மேல் வீசினாள். அவன் திரும்பவில்லை.

“கத்தி புடிச்ச கை எதுடா? இதுதான?” என்று தனசேகர் கத்தினான். அவர்கள் கேசவனின் வலது கையை வரப்பில் நீட்டி வைத்தார்கள்.

அதற்குமேல் அவள் பார்க்கவில்லை. கோவர்த்தனன் புழுதிக் காலோடு ஓடிவந்து சேர்ந்தபோது கேசவன் வாய்க்காலில் தலை கிடக்க, இடது கையால் வரப்புப் புல்லைப் பிடித்திருந்தான். “அண்ணா... சுச்சி போடாத... ஜாயின்ட் தெறந்து கீது” என்றான்.

சாயங்காலத்துக்குள் கதை ஊர் முழுக்கப் பரவிவிட்டது. முதலில் ‘கத்தியோட தொரத்தினான்’ என்றார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் ‘பாப்பா கையப் புடிச்சி இழுத்தானாம்’ என்று ஆனது. கேசவனைக் காலனிக்காரர்கள் புத்தூருக்குக் கொண்டுபோய், அங்கிருந்து திருப்பதி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள்.

கோவர்த்தனன் வீட்டு வாசலில் பங்காளிகள் கூடினார்கள். ஸ்டேஷனில் பழக்கம் உள்ளவர் புருஷோத்தமன். அவர் நாற்காலியில் உட்கார, மற்றவர்கள் நின்றார்கள்.

“அவங்க குட்க்கறதுக்கு முன்னால நாம கம்ப்ளெய்ன்ட் குட்த்துடணும்” என்றார். “அட்ராசிட்டி கேஸ் உழுந்துச்சின்னா பெயிலு சுலபமா கெடைக்காது. பசங்க லைஃபே போயிடும்.”

“அவன் ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டான், சித்தப்பா” என்று கோவர்த்தனன் தரையைப் பார்த்துச் சொன்னார். “கேபிளு சீவினு இருந்தான்.”

“நீ பாத்தியா?”

“பாக்கல. ஆனா...”

“பாக்கல இல்ல? உடு. கத்தி இருந்துச்சா இல்லியா? இருந்துச்சி. பின்னால ஓடினானா இல்லியா? ஓடினான். இதுல பொய் இன்னா கீது சொல்லு? பாப்பா வந்து ஆமான்னு ஒரு வார்த்த சொன்னா போதும். மிச்சத்த நான் பாத்துக்கறேன்.”

தமிழ்ச்செல்வன் கிணற்றடியில் உட்கார்ந்து கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலையில்தான் யாமினிக்குத் தொண்டை திறந்தது. ரத்தினம்மா பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, அவரு என்னத் தூக்க வந்தாரு.”

ரத்தினம்மா சட்டென்று மகளின் வாயைக் கையால் மூடினாள். கீரை முறம் கவிழ்ந்தது. வெளியே யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

“தெரியும்டி. தெரியும். எனுக்குத் தெரியும், உங்க நைனாவுக்குத் தெரியும், இந்த ஊருக்கே தெரியும். கேசவன் எப்படிப்பட்டவன்னு நீ எனுக்கு சொல்லணுமா?”

“அப்புறம் ஏம்மா?”

“ஏன்னா கேக்கற?” ரத்தினம்மா முறத்தை நிமிர்த்தினாள். “பெத்தது ரெண்டு. ஒண்ண ஒருத்தன் வெட்டிப் போட்டான். இன்னொண்ண நீ ஜெயிலுக்கு அனுப்பறேன்ற. நான் எங்கடி போவேன்?”

“என்ன வெட்டினவன் பெயில்ல சுத்தினு கீறான். அவன ஒருத்தரும் அடிக்கலயேம்மா. ஒரு கல்லகூடத் தூக்கிப் போடல. இவருதான் கெடச்சாரா?”

உள்ளே வந்த தமிழ்ச்செல்வன் அதைக் கேட்டு நின்றுவிட்டான். அவன் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன.

“சொல்லு. இன்னும் சொல்லு” என்றான்.

“நீ சத்தியவேடு போனியே, இன்னாண்ணா பண்ண?”

அவன் சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்தான். “ஒண்ணும் பண்ணல. பயந்துகினு வந்துட்டேன். போதுமா?” என்றான். அவள் முழங்காலைப் பார்த்து, “உன் காலுல ரத்தம் இருந்துச்சி பாப்பா. எனுக்கு நீ அந்த பஸ் ஸ்டாப்ல கெடந்ததுதான் தெரிஞ்சிது. வேற ஒண்ணும் தெரில. அன்னிக்கு நான் இல்ல. இன்னிக்காவது இருந்தேனேன்னு...” என்றான்.

“அவரு கத்தியக் கீழ போட்டாரு. நீ பாத்த.”

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“பாத்தியா இல்லியா?”

“பாத்தேன்.”

ரத்தினம்மா கீரையை அள்ளி முறத்தில் போட்டாள். கீரையோடு மண்ணும் வந்தது. அவள் அதைப் பிரிக்கவில்லை.

பெண் கான்ஸ்டபிள் இரண்டு தரம் வீட்டுக்கு வந்தாள். யாமினிக்கு இன்னும் பேச்சு வரவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். யாமினியும் உள்ளறையில் படுத்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் கொடுத்த கம்ப்ளெய்ன்டின் பேரில் கேசவன் மேல் கேஸ் எழுதியாயிற்று என்றும், ஆஸ்பத்திரியிலேயே போலீஸ் காவல் போட்டிருக்கிறார்கள் என்றும் புருஷோத்தமன் சொல்லிவிட்டுப் போனார். காலனிக்காரர்கள் கொடுத்த கம்ப்ளெய்ன்டும் இருக்கிறது, பாப்பாவின் வாக்குமூலத்துக்காக நிற்கிறது என்றார்.

ஒரு காலை யாமினி தலை சீவி, துப்பட்டாவைத் தாடைத் தழும்பு மறையச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். ரத்தினம்மா பால் கறந்துகொண்டிருந்தாள். எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. ஒருவேளை கேட்கப் பயந்திருக்கலாம்.

வெட்டு விழுந்தபிறகு யாமினி பஸ் நிறுத்தத்துக்குப் போகவே இல்லை. அன்று ரோட்டுக்கு வந்தாள். புளியமரம், டீக்கடைப் பலகை, கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள் எல்லாம் அப்படியே இருந்தன. பெண்கள் அவளைப் பார்த்து ஒதுங்கி நின்றார்கள். அவள் எந்த இடத்தில் விழுந்தாளோ அந்த இடத்தைப் பார்க்காமல் மரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

பின்னால் பைக் சத்தம் கேட்டது. கோவர்த்தனன். அவர் வண்டியை விட்டு இறங்கவில்லை. தலையில் துண்டு, சட்டை இல்லை. வயலிலிருந்து நேராக வந்திருக்கிறார்.

“திருப்பதிக்கா?”

“ஆமா நைனா.”

அவர் ரோட்டைப் பார்த்தார். அவள் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோவார் என்றுதான் அவள் நினைத்தாள். கையைப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

“நான் உன்னப் பாக்கல” என்றார். “பஸ்ஸு வர்ற வரைக்கும் நிக்கறேன். ஆனா நான் பாக்கல.”

பஸ் வந்தது. அவள் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். அவர் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டு நீளமாக இருந்தது. கட்டில் போதாமல் தரையிலும் படுக்க வைத்திருந்தார்கள். கேசவன் கோடியில் ஒரு கட்டிலில் இருந்தான். ஒரு கண் மூடி வீங்கியிருந்தது. வலது கை தோளிலிருந்து மாவுக்கட்டு. விரல் நுனிகள் மட்டும் கத்தரிக்காய் நிறத்தில் வெளியே தெரிந்தன. பக்கத்தில் ஒரு பெண் ஏட்டு நாற்காலியில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தாள். கேசவனின் மனைவி ஸ்வர்ணலதா இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தாள். யாமினியைப் பார்த்ததும் கை நின்றது.

“இன்னாத்துக்கு வந்த? எத்தினி எலும்பு உடைஞ்சிதுன்னு எண்ணிப் பாக்கவா?”

“அக்கா...”

“அக்கான்னு கூப்புடாத. உனுக்குக் காட்டறதுக்காக அந்தக் கத்திய எட்த்துத் தொடைச்சித் தொடைச்சி வெப்பான் இந்த மனுஷன். ‘பாப்பாவுக்குப் பயம் கொறையுது ஸ்வர்ணா’ன்னு எங்கிட்ட வந்து சொல்லுவான். இப்ப கொறஞ்சிடிச்சா உனுக்கு?”

“உடு” என்றான் கேசவன். வாய் சரியாகத் திறக்கவில்லை. ஒற்றைக் கண்ணால் யாமினியைப் பார்த்தான். “தனியாவா வந்த?”

“ஆமாண்ணா.”

“பஸ்ஸுலயா?”

“பஸ்ஸுலதான்.”

“கத்தியக் கீழ போட்டுட்டு எழுந்திருக்கணும். யோசன இல்லாம ஓடியாந்துட்டேன். நீ உழுந்தியா, அதான்” என்றான். “காலு ஆறிடிச்சா?”

யாமினிக்குத் தொண்டை இறுகிற்று. இங்கேயும் அடைத்துக்கொள்ளுமோ என்று பயந்தாள். கட்டில் கம்பியைப் பிடித்து மூச்சை இழுத்து விட்டாள். பிறகு ஏட்டம்மா பக்கம் திரும்பினாள்.

“மேடம், நான்தான் யாமினி. வாக்குமூலம் குடுக்கணும்.”

ஏட்டம்மா போனை வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். தழும்பைப் பார்த்தாள். “ஆலோசிஞ்சுகோ அம்மா” என்று தெலுங்கில் ஆரம்பித்து, “உங்க அண்ணன்தான அடிச்சது? எழுதிட்டா மாத்த முடியாது” என்று தமிழுக்கு வந்தாள்.

“யோசிச்சிட்டுத்தான் வந்தேன்.”

ஏட்டம்மா எஸ்.ஐ.க்குப் போன் செய்தாள். அவர் வரும்வரை யாமினி சுவரோரமாக நின்றாள். ஸ்வர்ணலதா உட்காரச் சொல்லவில்லை. எஸ்.ஐ. வந்து கேட்கக் கேட்க யாமினி ஒவ்வொன்றாகச் சொன்னாள். கூழ் கொண்டுபோனது, மூலையைத் திரும்பியது, தானாகப் பயந்து ஓடியது, பைப் தடுக்கி விழுந்தது. கேசவண்ணா கையில் கத்தி இருந்தது, ஆனால் அதை ஓங்கவில்லை, அண்ணனைப் பார்த்ததும் கீழே போட்டார். தன்னைத் தொடவே இல்லை.

“யார் யார் அடிச்சாங்க?”

“தனசேகர். எங்க பெரியப்பா மகன். பைப்பால.”

“இன்னொருத்தர்?”

வார்டில் யாரோ இருமினார்கள். ஸ்வர்ணலதாவும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தமிழ்ச்செல்வன்” என்றாள். “எங்க அண்ணன்.”

அவள் கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது கேசவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். ஸ்வர்ணலதா நன்றி சொல்லவில்லை. “பஸ்ஸுக்கு நேரமாவுது. வெளிச்சத்துலயே போய்ச் சேரு” என்று மட்டும் சொன்னாள்.

போலீஸ் வந்தபோது தமிழ்ச்செல்வன் ஓடவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு தாயிடம் ஆட்டோ சாவியைக் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினான். தனசேகர் மட்டும் யாமினியை வாய்க்கு வந்தபடி திட்டினான். பெரியப்பா வீட்டோடு பேச்சு நின்றது. பிறகு மற்றப் பங்காளிகளும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். யாமினி தெருக் குழாய்க்குப் போனால் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். சமாதானம் பேசக் காலனிக்குப் போன புருஷோத்தமனை ஸ்வர்ணலதா வாசலிலேயே நிறுத்தி, “எம் புருஷன் கைய எட்த்துகினு வந்தா பேசலாம்” என்று சொல்லி அனுப்பினாளாம்.

மோட்டார் வரப்பிலேயே கிடந்தது. நகரியிலிருந்து ஆள் கூப்பிட்டார்கள், ஊர் பேரைக் கேட்டதும் வரவில்லை. மல்லாட்டை காய்ந்தது. காலனியிலிருந்து யாரும் பறிப்புக்கு வரமாட்டோம் என்றார்கள். கோவர்த்தனன், ரத்தினம்மா, யாமினி மூவரும் பறித்தார்கள். ஈரம் இல்லாத மண் கல்லாக இறுகியிருந்தது. செடியைப் பிடித்து இழுத்தால் செடி மட்டும் வந்தது, காய் மண்ணுக்குள்ளேயே நின்றது. மூவரும் குந்தி உட்கார்ந்து களைக்கொத்தால் கிளறிக் கிளறிப் பொறுக்கினார்கள். உடைத்துப் பார்த்தால் பாதி பொக்கு. ரத்தினம்மா மகள் பக்கத்து வரிசையில் உட்காரவே இல்லை.

“நைனா, எம்மேல கோவமா?” என்று யாமினி ஒரு தரம் கேட்டாள்.

கோவர்த்தனன் மண்ணைக் கிளறிக்கொண்டே இருந்தார். “கோவம் இல்ல” என்றார். “மோட்டார் ரூம் பக்கம் போனா, சுச்சி போடாதன்னு அவன் சொன்னதே கேக்குது. உங்கம்மா மொகத்தப் பாத்தா நம்ம பையன் நெனப்பு வருது. இன்னா சொல்றதுன்னு எனுக்குத் தெரில.”

கேசவன் வீட்டுக்கு வந்துவிட்டான், அவன் மேல் போட்ட கேஸ் நிற்கவில்லை என்று தெரிந்தது. கை மடங்கவில்லை. விரல் எதையும் பிடிக்கவில்லை. டிவிஎஸ்ஸை விற்றுவிட்டான். ஸ்வர்ணலதா கம்பெனியில் கூட்டுகிற வேலைக்குப் போக ஆரம்பித்தாள். அந்த பஸ்தான் யாமினியின் ஊர் வழியாக வரும். ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பாள், இந்தப் பக்கம் திரும்பமாட்டாள்.

ஐப்பசி மழை பிடித்தபிறகு தமிழ்ச்செல்வனுக்கு பெயில் கிடைத்தது. கோவர்த்தனன் போய் அழைத்துவந்தார். இளைத்து, தாடி விட்டு, ஏதோ உயரம் குறைந்த மாதிரி வந்து நின்றான். ரத்தினம்மா மகனைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தாள். கோழிக்குழம்பு வைத்தாள். வீடு முழுக்க அந்த வாசனை நிறைந்தது. வெகுநாளைக்கு அப்புறம் அந்த வீட்டில் குழம்பு கொதித்தது.

நடுவீட்டில் தட்டுப் போட்டாள். தமிழ்ச்செல்வன் உட்கார்ந்தான். “தண்ணி குடு” என்றாள் ரத்தினம்மா, யாமினியைப் பார்க்காமல். அத்தனை மாதத்தில் அம்மா அவளிடம் பேசிய முதல் சொல் அது.

யாமினி சொம்பைக் கொண்டுவந்து குனிந்தாள். தமிழ்ச்செல்வன் வாங்கக் கையை நீட்டினான். வெறும் கைதான்.

அவள் பின்னால் துள்ளினாள். முதுகு சுவரில் மோதியது. சொம்பு உருண்டு தண்ணீர் தட்டு வரை ஓடியது.

தமிழ்ச்செல்வன் நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு அதைப் பார்த்தான். மெதுவாக மடக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

“உன்ன நான் இன்னா பண்ணிடுவேன், பாப்பா?”

“ஒண்ணும் பண்ணமாட்ட” என்றாள். குரல் தெளிவாக வந்தது. “தெரியுதுண்ணா. ஆனா பயமா கீது.”

அவன் தலையை ஆட்டினான். ஈரமான தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். வாசல் தாண்டி, தூறலில் நனைந்துகொண்டே மாட்டுக்கொட்டகைக்குப் போய், கன்றுக்குட்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான். கோவர்த்தனன் சாப்பிடாமல் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். யாமினி சுவரை விட்டு நகரவில்லை.

ரத்தினம்மா குழம்புச் சட்டியை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் வாசற்படியில் நின்றாள்.